பனங்காட்டில் ஒரு கோத்திக் கோயில்

கேள்வி: உறவினர் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது, இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடி சர்ச்சும் தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துச் சர்ச்சும் இப்படி இல்லையே! தேரி மணலுக்கு நடுவே இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச் எப்படி வந்தது?
– வாசகர், நன்னிலம்

பதில்: காலம்தான் காரணம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பியது 1718-இல். நீங்கள் சொல்லும் தஞ்சாவூர்ச் சர்ச் சுவார்ட்ஸ் காலத்தது, 1779. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே கூர் வளைவுக்கு மவுசு இல்லை. விக்டோரியா மகாராணி 1837-இல் பட்டத்துக்கு வந்த சமயத்தில் இங்கிலாந்தில் காற்று திசை மாறியது. இடைக்காலக் கோத்திக் பாணிதான் கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரியது என்று பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் வாதாடினார். 1839-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கமும் அதையே வலியுறுத்தியது. கூர் வளைவு, சரிவான கூரை, பலிபீடத்துக்கென்று நீண்ட தனிப்பகுதி எல்லாம் கிராமத்துச் சர்ச்சுக்கும் இலக்கணமாகிவிட்டன.

மிஷனரியான கால்டுவெல் சென்னைக்கு வந்ததும் அதே சமயத்தில்தான், 1838-இல். 1841-இல் அங்கிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் பார்த்துக்கொண்டு இடையன்குடி போய்ச் சேர்ந்தார். 1847-இல் ஆலய வேலை தொடங்கியது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6-ஆம் தேதி. முப்பத்து மூன்று வருஷம்! அதற்குள் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்து, 1875-இல் இரண்டாம் பதிப்பும் கண்டுவிட்டது. தாது வருஷப் பஞ்சம் வந்து போனது. 1877-இல் அவரே பிஷப் ஆகிவிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சன்னல்தான். கூர் வளைவுச் சன்னலை அந்த ஊர் வேலையாட்கள் கண்டதில்லை. காகிதத்தில் வரைந்து கொடுத்தால் விளங்குமா? கால்டுவெல் களிமண்ணைப் பிசைந்து மாதிரி செய்து காட்டினார் என்று சொல்வார்கள். வாலிபத்தில் டப்ளினில் ஓவியக் கலை பயின்றவர் அவர், கை பழகியிருந்தது. மாதிரியைப் பார்த்துப் பார்த்து வேலையாட்கள் அந்த வடிவத்தை எழுப்பினார்கள்.

அது லேசான வேலை அல்ல. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர் வளைவு அதைச் செங்குத்தாக இறக்கும். மிச்சத் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுச்சுவர் தாங்கிக்கொள்ளும். அதனால் சுவரில் உயரமான சன்னல் வைக்கலாம், உள்ளே வெளிச்சம் இறங்கும். வளைவின் இரண்டு பக்கமும் உச்சியில் பிசகாமல் சந்திக்க வேண்டும். அதைச் சாதித்த அந்த ஊர் ஆட்களை விட்டுவிட்டு, ‘கால்டுவெல் கட்டியது’ என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களுடைய கைவேலை அது.

1891-இல் கொடைக்கானலில் காலமான கால்டுவெல்லை இடையன்குடிக்குக் கொண்டுவந்து இதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அடுத்த முறை போனால் முதலில் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி முட்டுச்சுவர்களைப் பாருங்கள். பிறகு உள்ளே போய்ச் சன்னல் வளைவின் உச்சியைப் பாருங்கள்.