வேகமானியின் முள்ளும் சக்கரத்தின் விட்டமும்

பெடாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விதமான சாலைகளோடு நித்திய சம்பந்தம் உண்டு: ஒன்று, செம்பனைகளுக்கு ஊடே மேடும் பள்ளமுமாய் நெளியும் செம்மண் பாதை, மற்றொன்று, பெடாஸ்-லிங்கி சாவடியைக் கடந்ததும் மணிக்கு 110 கிலோமீட்டர் வரையில் செல்ல அனுமதிக்கும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. மண் பாதையில் காரின் அடிப்பாகம் உரசக்கூடாது என்பதற்காகவோ, அல்லது அழகுக்காகவோ, பெரிய ஸ்போர்ட் ரிம்மும் உயரமான டயரும் பூட்டிக்கொள்ளும் நம் இளைஞர்கள், அதே சக்கரங்களோடு நெடுஞ்சாலையில் ஏறும்போது, வேகமானி முன்போல உண்மை உரைக்கிறதா என்று விசாரிப்பதில்லை. பல வருஷங்களாக அவர்களோடு டயர்க் கடைகளுக்குப் போய்வந்த அநுபவத்தில், அந்த விசாரணை மிகவும் அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

வேகமானி சாலையை நோக்குவதில்லை. சுழற்சிகளை எண்ணுவது ஒன்றே அதன் காரியம். பழைய கார்களில் கியர்ப்பெட்டியிலிருந்து வந்த கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அந்தக் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்க, கிண்ணத்தோடு முள் நகர்ந்தது. இந்நாளைய கார்களில் சென்சார் அனுப்பும் மின்துடிப்புகளைக் கணினி எண்ணுகிறது. எவ்விதமாயினும், ஒரு சுழற்சிக்கு இத்தனை தூரம் என்பது தொழிற்சாலை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்ட பிரமாணம். சிறுவனுடைய காலடியைக் கணக்கில் வைத்து, நெட்டையன் நடந்து நிலத்தை அளந்தால் பரப்பு குறைந்து தெரிவதுபோல, சக்கரம் பெரிதானால் முள் வேகத்தைக் குறைத்தே காட்டும்.

ஆயினும் ரிம் பெரிதானால் சக்கரமும் பெரிதாகும் என்ற நியதி இல்லை. இதற்கு நம் தெருக்களில் ஓடும் மைவி காரே தக்க சாட்சி. அதன் ஒரு வகைக்கு 175/65 R14, மற்றொரு வகைக்கு 185/55 R15 என்ற டயர்கள் வருகின்றன. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச் சுவரின் உயரத்தை இரட்டித்து, அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கிக் கூட்டினால், முதலாவதன் முழு விட்டம் 583.1 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 584.5. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும், பக்கச் சுவர் தாழ்ந்தமையால், சக்கரம் வளர்ந்தது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதே 15 அங்குல ரிம்மில், உயரம் வேண்டுமென்று 195/60 டயரைப் போட்டாலோ விட்டம் 615 ஆகிவிடும். முதல் வகைக் காரில் கிலோமீட்டருக்கு 546 முறை சுழலவேண்டிய சக்கரம் 518 முறையே சுழலும். மூலத்தில் சரியாகக் காட்டிய முள்ளாயின், அது 110 என்னும்போது கார் 116 இல் போய்க்கொண்டிருக்கும். சாலையோரக் கேமரா உங்கள் முள்ளைப் பார்த்துச் சம்மன் அனுப்புவதில்லை.

"மீட்டர் எப்போதும் கூடுதலாகத்தானே காட்டும், மாமா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஐக்கிய நாடுகளின் 39ஆம் விதிமுறைப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும் வரையில் கூட்டிக் காட்டலாம். ஆகவே தொழிற்சாலைகள் முள்ளைச் சற்றே முன்தள்ளி வைக்கின்றன. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத்தான் தின்கிறது. மேலும், தூரம் எண்ணும் மீட்டருக்கு அப்படிப்பட்ட சலுகை சாதாரணமாக வைக்கப்படுவதில்லை. ஆதலால் மேற்சொன்ன டயரில் 100 கிலோமீட்டர் ஓடினால் அது 95 என்றே பதியும். கார் திடீரென்று அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது என்று எஞ்சினைக் குறைகூறுவோர் சிலருடைய சங்கடத்துக்கு இதுவே மூலகாரணமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். பழுது எஞ்சினில் இல்லை, கணக்கில் இருந்தது.

தேய்மானத்தையும் மறக்கலாகாது. 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புது டயர் 1.6 வரையில் தேய்ந்தால், மைவியின் சக்கர விட்டத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் குறைந்துவிடும். தேய்ந்த டயரை மாற்றிப் புதியதைப் போட்டவுடனே, அளவு மாறாவிட்டாலும், முள் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

பரீட்சிப்பதற்கு யந்திரம் ஏதும் வேண்டாம். நெரிசலற்ற நேரத்தில், சமதரையான பகுதியில், முள்ளை 90 இல் நிலையாக நிறுத்தி, ஓட்டுபவர் சாலையிலேயே கண்வைத்திருக்க, பக்கத்தில் அமர்ந்தவர் கிலோமீட்டர் பலகைகளைக் கொண்டு நேரத்தைக் குறிக்கட்டும். கிலோமீட்டருக்கு 40 விநாடி ஆகவேண்டும். 38 ஆனால் உண்மை வேகம் 95க்குச் சற்றே குறைவு. ஐந்து கிலோமீட்டரைச் சேர்த்து எண்ணினால் பிழை குறையும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸும் நம்பத்தக்கதே, வேகம் நிலையாக இருக்கும்வரையில்.

பழைய ரிம் வாங்கப் போகிறவர்கள், ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியுள்ள அட்டையில் தொழிற்சாலை குறித்த அளவை எழுதிக்கொண்டு, கடைக்காரர் காட்டும் டயரின் விட்டத்தை அங்கேயே கணக்கிட்டு, வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் மாத்திரம் பேரம் பேசவேண்டும். நான்கு சக்கரமும் ஒரே விட்டமாக இருக்கட்டும். ஏபிஎஸ் பிரேக் அவற்றின் சுழற்சியை ஒன்றோடொன்று ஒப்பிட்டே வேலை செய்கிறது. பூட்டியபின் பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஒரு மேட்டின்மீது மெதுவாக ஏற்றி இறக்கி, டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்த பிறகே கடைக்காரருக்குப் பணம் கொடுக்கவேண்டும்.