மறக்கப்பட்ட ஒரு ராப் ஆல்பமும் அதில் நான் விரும்பும் பாடல்களும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

‘ராப்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் பலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அது பாட்டே அல்ல, வெறும் இரைச்சல் என்பது அவர்கள் கருத்து. பிள்ளைகளாகிய நாமோ தாளத்துக்குத் தலையசைத்துவிட்டு, பாடுபவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இரு சாராரும் சொற்களைக் கேட்பதில்லை என்பதே உண்மை. ஆகவே, ஓர் இளம்பெண் எழுதிப் பாடிய ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எனக்குப் பிடித்த சில பாடல்களை இங்கே ஆராய விழைகிறேன். அந்த ஆல்பத்தின் பெயர் ‘லைட் ஆஸ் எ ராக்’. பாடியவர் எம்.சி. லைட். வெளிவந்த ஆண்டு 1988.

ராப் என்பது யாது?

1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்கும் சமயத்தில் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக சிண்டி காம்பெல் என்ற இளம்பெண் அதை ஏற்பாடு செய்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன். ‘கூல் ஹெர்க்’ என்பது அவருடைய பட்டப்பெயர். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு இசைத்தட்டுகளின் உதவியால் நீட்டிக் காட்டியவர் அவரே. ஹிப்-ஹாப் அன்று பிறந்ததாகவே இன்றும் கொண்டாடுகிறார்கள். அதன் பிறப்பிலேயே ஒரு பெண்ணின் முயற்சி இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தத் தாளத்தின்மேல் சொற்களை அடுக்கிச் சொல்வதே ராப். ஒரு வட்டத்துக்கு நான்கு தட்டு. பெரும்பாலும் பதினாறு வட்டங்கள் சேர்ந்தால் ஒரு பத்தி. கைதட்டிப் பார்த்தால் 64 தட்டுகள் வரும். வரியின் இறுதியில் ஓசை ஒத்து வரவேண்டும். நாம் இலக்கண வகுப்பில் ‘இயைபு’ என்று படிப்பதும் இதுவே. 64 தட்டுகளுக்குள் ஒரு கதையையோ வழக்கையோ சொல்லி முடிப்பது எளிதன்று. முயன்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பெண் யார்?

எம்.சி. லைட்டின் இயற்பெயர் லானா மூரர். நியூயார்க்கின் புருக்ளினில், ஈஸ்ட் ஃபிளாட்புஷ் என்னும் பகுதியில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதளவில் ராப் எழுதத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. ‘ஆடியோ டூ’ என்ற சகோதர இரட்டையர் குழுவினர் அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் போல. இந்த ஆல்பத்தின் பாடல்கள் பலவற்றுக்கு அவர்கள் இசை அமைத்தார்கள். ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. பெண் ராப் பாடகி ஒருவர் தனியாக வெளியிட்ட முதல் முழு ஆல்பம் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம்.

முதற்பாடம்: சாமின் கதை

ஆல்பத்தில் என் மனத்தை மிகவும் தொட்ட பாடல் ‘ஐ கிராம் டு அண்டர்ஸ்டாண்ட் யூ’. பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே லைட் எழுதியது இது. ஒரு பெண் சாம் என்ற இளைஞனை நேசிக்கிறாள். அவனோ வரவரக் கையில் காசில்லாமல் அலைகிறான். அவளிடமே கடன் கேட்கிறான். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வேறொருத்தி அவன் வாழ்வில் வந்துவிட்டாள் என்று அவள் சந்தேகப்படுகிறாள். பிறரும் அப்படியே சொல்கிறார்கள். கடைசியில்தான் அந்த ‘மற்றொருத்தி’ யார் என்பது வெளிப்படுகிறது. அவள் பெண்ணே அல்ல. ‘கிராக்’ என்னும் போதைப்பொருள்!

கொக்கெய்ன் என்ற போதைப்பொருளைப் புகைக்கத்தக்க சிறு கட்டிகளாக மாற்றியதே கிராக். 1980-களின் நடுவில் அது மலிந்த விலைக்கு அமெரிக்க நகரங்களில் பரவிற்று. ஏழைகள் வாழும் தெருக்களில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் சிதைந்தன. 1986-இல் வந்த சட்டமோ, 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கு உரிய ஐந்தாண்டுக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை வெறும் 5 கிராம் கிராக்குக்கே விதித்தது. 2010-இல்தான் இந்த வேறுபாடு குறைக்கப்பட்டது. பெரியவர்கள் மன்றங்களில் சட்டம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், புருக்ளினில் ஒரு சிறுமி அந்தத் துயரத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள் என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பாட்டின் தலைப்பும் நமக்கு நெருக்கமானதே. தேர்வுக்கு முன் விழுந்து விழுந்து படிக்கிறோமே, அந்தச் செயலைக் குறிக்கும் சொல்லை லைட் இங்கே கையாள்கிறார். பாடத்தைப் போட்டு மண்டைக்குள் ஏற்றுவதுபோல் அவள் அவனைப் புரிந்துகொள்ள முயல்கிறாள். எங்கோ தேடிப்போகாமல், தன் பள்ளி வாழ்விலிருந்தே உவமையை எடுத்திருக்கிறார். போதை தீது என்று பாட்டில் எங்கும் போதனை இல்லை. ஆனாலும் கேட்டு முடித்தவர் நெஞ்சில் அந்தக் கருத்து ஆணிபோல் இறங்கிவிடுகிறது. நாம் கட்டுரைப் போட்டியில் எழுதும் பத்து அறிவுரைகளைவிட இந்த ஒரு கதைக்கு வலிமை அதிகம் என்பேன்.

இரண்டாம் பாடம்: காகிதச் சொற்கள்

அடுத்தது ‘பேப்பர் தின்’. இனிக்க இனிக்கப் பேசும் ஓர் இளைஞனுக்கு ஒரு பெண் கூறும் மறுமொழி. உன் வாக்குறுதிகள் காகிதத்தைப்போல் மெலிந்தவை. அவற்றை நம்பி நான் என்னைத் தரமாட்டேன் என்பது அதன் சாரம். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, கூச்சல் போடவுமில்லை. லைட்டின் குரல் தாழ்ந்த, உறுதியான குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. பெண்ணின் மறுப்பு சிணுங்கலாகவோ சீற்றமாகவோதான் இருக்கவேண்டும் என்பதில்லை. நிதானமாகவும் இருக்கலாம் என்பதை இந்தக் குரலில் கேட்டு உணரலாம். பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கும் நம் தாய்மார்களும் இந்தப் பாட்டின் பொருளோடு முழுமனத்துடன் ஒத்துப்போவார்கள் என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் பாடம்: பெயரில் உள்ள சிலேடை

ஆல்பத்தின் பெயரே ஒரு விடுகதை. ‘லைட்’ என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் ஒளி என்றும், கனமற்றது என்றும் பொருள் உண்டு; இங்கே அது பாடகியின் பெயருமாகும். ‘ராக்’ என்றால் பாறை. பாறையைப்போல் லேசானவள் என்று ஒருத்தி தன்னைச் சொல்லிக்கொண்டால் என்ன பொருள்? பெயரில்தான் லேசு, ஆளோ அசைக்க முடியாதவள் என்பதே. நமக்குப் பழக்கமான சிலேடைப் பாடல்களைப் போலவே இதுவும் கேட்போரைச் சிந்திக்க வைக்கிறது. ‘ஐ ஆம் உமன்’ என்ற பாடலின் தலைப்பு, 1972-இல் ஆஸ்திரேலியப் பாடகி ஹெலன் ரெட்டி புகழ்பெறச் செய்த பாடலின் தலைப்பே. முந்தைய தலைமுறைப் பெண்ணின் சொல்லை எடுத்து, தன் தாளத்தில் வைத்து, இளையவள் தொடர்கிறாள்.

குறை என்ன?

குறையையும் கூறுவதே நேர்மை. ‘டென் பர்சென்ட் டிஸ்’ என்னும் பாடல், தங்கள் தாளத்தைக் களவாடியதாகக் கருதிய அந்தோனெட் என்ற மற்றொரு பாடகியைச் சாடுவது. வசைபாடுவதில் பெயர்பெற்ற காளமேகப் புலவரை நாம் அறிவோம். அவ்வகையில் இதன் சொல்வேகம் வியக்கத்தக்கது. எனினும் ஒரு பெண் மற்றொரு பெண்ணைத் தாழ்ந்த சொல்லால் அழைப்பதை என்னால் இரசிக்க முடியவில்லை. சாமின் கதையில் அத்தனை இரக்கம் காட்டியவர் இங்கே அதைக் காட்டவில்லை. நெல்லையும் பதரையும் பிரித்து எடுத்துக்கொள்வது கேட்பவர் கடமையாகும்.

ஏன் மறந்தோம்?

1988 ஹிப்-ஹாப்புக்கு ஒரு பொற்காலம். பப்ளிக் எனிமி, பிக் டாடி கேன், ஸ்லிக் ரிக் முதலியோரின் பேர்பெற்ற ஆல்பங்கள் அவ்வாண்டில் வந்தன. லைட்டுக்கே பிற்பாடு ‘சா சா சா’ (1989), ‘ரஃப்நெக்’ (1993) போன்ற பெரும் வெற்றிகள் கிட்டின. ஆகவே முதல் ஆல்பம் பின்னால் தள்ளப்பட்டது. மற்றொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ‘முதல் பெண்’ என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். பொது அறிவு வினாவில் ஒரு மதிப்பெண்ணுக்கு விடை எழுதுகிறோம். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்பதில்லை. இது பாராட்டுப் போலத் தோன்றினாலும் ஒருவகைப் புறக்கணிப்பே. லைட்டோ ஓய்ந்துவிடவில்லை. 2024-இல்கூட ‘ஒன் ஆஃப் ஒன்’ என்ற புதிய ஆல்பத்தை வெளியிட்டார்.

முடிவுரை

தோழியரே! ராப் அனைத்தும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. கேளாமலே தள்ளிவிடவும் வேண்டாம்; பொருள் அறியாமல் ஆடவும் வேண்டாம் என்றே கூறுகிறேன். சாமின் கதையை எழுதத் தொடங்கியபோது லைட்டிடம் பணமில்லை, பட்டமில்லை, மேடையுமில்லை. தன் தெருவில் கண்டதும், எழுத ஒரு தாளும், எண்ணிச் சொல்ல ஒரு தாளமும் மட்டுமே இருந்தன. நம் வகுப்பிலும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கிழித்துப்போடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நீங்கள் கண்டதை உங்கள் சொல்லில் எழுதி, அருகில் இருப்பவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.