ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்



கம்பத்திலிருந்து மலை ஏறிக் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். மொழி மாறுகிறது; கேள்வி கேட்கும் முறை மட்டும் மாறுவதில்லை. கீழே "இது ஏலக்காயா?" என்கிறோம். மேலே "இது ஏலக்காயாணோ?" என்கிறார்கள். இரண்டிலும் கேள்வி வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. ஆங்கிலமோ அதைத் தலையில் வைக்கிறது: "இஸ் திஸ் கார்டமம்?" வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். "யூ ஆர் கமிங்?" என்று குரலை உயர்த்திக் கேட்டுவிடுகிறார்கள். பேச்சில் அது செல்லும், பரீட்சைத் தாளில் செல்லாது.

நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமா என்ஜினியர். இலக்கணப் பண்டிதன் அல்லன். (ரயில் பாதையே இல்லாத இடுக்கியைப் பற்றி ரயில்வேக்காரன் எழுதுகிறேன்!) அதனால் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது போலவே இதையும் பார்க்கிறேன்.

"ஷீ இஸ் ஸ்லீப்பிங்" என்பதில் "இஸ்" துணைவினை. அதைக் கழற்றி முன்னால் மாட்டினால் கேள்வி: "இஸ் ஷீ ஸ்லீப்பிங்?" கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறோமே, அதே வேலை. கேன், வில், ஹாவ், ஹாஸ் எல்லாவற்றுக்கும் இதுவே முறை.

துணைவினை இல்லாவிட்டால்? "ஹீ வொர்க்ஸ் இன் தி எஸ்டேட்" என்பதில் கழற்ற ஒன்றுமில்லை. அப்போது "டூ", "டஸ்", "டிட்" ஆகியவற்றில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும்: "டஸ் ஹீ வொர்க் இன் தி எஸ்டேட்?" வொர்க்ஸில் இருந்த "ஸ்" எங்கே போயிற்று? "டஸ்" எடுத்துக்கொண்டுவிட்டது. இதேபோல் "டிட் யூ வென்ட்?" என்பது தவறு, "டிட் யூ கோ?" என்பதே சரி. இறந்த காலத்தை "டிட்" சுமக்கிறது. ஒரு மூட்டைக்கு இரண்டு கூலியாள் எதற்கு?

வாட், வேர், வென், ஒய், ஹவ் ஆகியவற்றை இந்தக் கேள்விக்கு முன்னால் வைத்தால் போதும். "ஹூ" மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். அதற்குத் தமிழே கைகொடுக்கிறது. "யார் வந்தது?" என்பதற்கு "ஹூ கேம்?"; "டிட்" வேண்டாம். "யாரைப் பார்த்தாய்?" என்பதற்கு "ஹூ டிட் யூ சீ?", "டிட்" வேண்டும். தமிழில் "யார்" என்று வருகிறதா, "யாரை" என்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்கியக் கடைசியில் நாம் சொல்லும் "இல்லையா", மலையாளத்தின் "அல்லே" இரண்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் எதற்கும் "இஸின்ட் இட்" போடுகிறோம். ஆங்கிலத்தில் வால் தலைக்கேற்ப மாறும்: "யூ ஆர் ஃப்ரம் கம்பம், ஆரின்ட் யூ?" "ஹீ கேம் எஸ்டர்டே, டிடின்ட் ஹீ?"

உருவம் கேள்வியாக இருந்தாலும் வேலை வேறாக இருக்கலாம். நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பிரிக்கிறது. "வில் யூ க்ளோஸ் தி டோர்?" என்று ஆசிரியர் கேட்டால் அது ஏவல் வினா. "யெஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது!

இனி, பெற்றோர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று: எதிர்மறைக் கேள்வி. தோட்ட வேலைக்கு வந்த தாய்க்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. டாக்டர், "ஹாஸின்ட் ஷீ டேக்கன் தி டேப்லெட்?" என்கிறார். "அம்மா, மாத்திரை சாப்பிடவில்லையா?" "ஆமாம், சாப்பிடவில்லை." பிள்ளை "ஆமாம்" என்பதைப் பிடித்துக்கொண்டு "யெஸ்" என்கிறது. ஆங்கிலத்தில் அதன் பொருள் "சாப்பிட்டுவிட்டார்" என்பதே! டாக்டர் அதை நம்பித்தான் அடுத்த மருந்தைத் தீர்மானிப்பார்.

தமிழில் "ஆமாம்" என்பது கேட்டவருடைய பேச்சை ஒத்துக்கொள்வது. ஆங்கிலத்தின் யெஸ், நோ இரண்டும் நடந்ததை மட்டும் பார்க்கும். கேள்வியில் "நாட்" இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாப்பிட்டிருந்தால் "யெஸ், ஷீ ஹாஸ்", சாப்பிடாவிட்டால் "நோ, ஷீ ஹாஸின்ட்." சந்தேகமாக இருந்தால் யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம், "ஷீ ஹாஸ் நாட் டேக்கன் இட்" என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள்.

ரயில்வேயிலும் இந்த ஜாக்கிரதை உண்டு. ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனிடம் தொலைபேசியில் லைன் கிளியர் கேட்கும்போது வெறும் "யெஸ்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுவதில்லை. பிரைவேட் நம்பர் என்ற எண்ணைச் சொல்லி உறுதிசெய்து, அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டி கிளம்பும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. கேள்வியாக மாற்றுக:
1. மை மதர் பிக்ஸ் கார்டமம்.
2. தி ஜீப் வென்ட் டு நெடுங்கண்டம்.
3. தே கேன் ஸ்பீக் மலையாளம்.
பதில் சொல்க (நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை): "ஹாவின்ட் யூ ஈட்டன்?"

விடைகள்: 1. டஸ் மை மதர் பிக் கார்டமம்? 2. டிட் தி ஜீப் கோ டு நெடுங்கண்டம்? 3. கேன் தே ஸ்பீக் மலையாளம்? பதில்: நோ, ஐ ஹாவின்ட்.