உப்பாத மாவும் இரண்டு தம்ளரும்

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே காலையில் தேநீரோடு பாவ் சாப்பிடுவார்கள். பாவ் என்பது சின்ன ரொட்டி. பன் போல மெத்தென்று இருக்கும்.

ஒரு வீட்டில் ஏழு வயது மகள் கேட்டாள்: "அம்மா, சப்பாத்தி தட்டையா இருக்கு. பாவ் மட்டும் எப்படி உப்புது?"

நான்கு வயதுத் தம்பி, "நாமளே செய்வோம்" என்றான்.

அம்மா கடைக்குப் போனார். கால் கிலோ மைதாவும் ஒரு சிறு பொட்டலம் ஈஸ்டும் வாங்கினார். அடுப்பில் கொதித்த நீரில் ஈஸ்டைப் போட்டார். அதை மாவில் ஊற்றிப் பிசைந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. மாவு வைத்தது வைத்தபடியே இருந்தது. தம்பி அழுதே விட்டான்.

"கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான். போய்க் கேளு" என்றார் ஆச்சி.

அம்மாவுக்குக் கோபம். கால் கிலோ மாவு வீணாகலாமா? பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அப்போதுதான் அதன் பின்புறம் பார்த்தார். அம்மா மாலை வகுப்பில் படித்தவர். தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தார். காலாவதி ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"அப்போ தப்பு யாரு மேல?" என்றாள் மகள்.

அம்மா இரண்டு தம்ளர் எடுத்தார். ஒன்றில் கொதிக்கும் நீர். மற்றதில் வெதுவெதுப்பான நீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை, மீதியிருந்த ஈஸ்டில் ஒரு சிட்டிகை. பிள்ளைகள் இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பான தம்ளரில் நுரை பொங்கியது. கொதிநீர் தம்ளரில் ஒன்றும் இல்லை.

ஏன் தெரியுமா? ஈஸ்ட் உயிருள்ளது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும. அந்த வாயு மாவுக்குள் அடைபடும். அதனால்தான் மாவு உப்புகிறது. கொதிநீரில் ஈஸ்ட் செத்துவிடும்.

"நல்ல வேளை, சண்டைக்குப் போகல" என்று அம்மா சிரித்தார். உப்பாத மாவைத் தட்டி, கல்லில் ரொட்டியாகச் சுட்டார். ஒரு பிடி கூட வீணாகவில்லை.

ஆச்சிக்கு ஒரு நினைவு வந்தது. "ஊர்ல ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊத்துவோமே!" என்றார். அதுவும் இதே வேலைதான். கள்ளிலும் ஈஸ்ட் உண்டு. கோவாவுக்கு வந்த போர்த்துகீசியரும் கள் ஊற்றித்தான் ரொட்டி மாவைப் புளிக்க வைத்தார்கள். பாவ் என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்கினார்கள். முதலில் கை கழுவினார்கள். நகம் வெட்டினார்கள். மகள் தம்ளரால் அளந்தாள்: மைதா இரண்டு தம்ளர், ஈஸ்ட் ஒரு சிறு கரண்டி, சர்க்கரை இரண்டு சிறு கரண்டி, உப்பு அரைக் கரண்டி, எண்ணெய் கொஞ்சம். நீர் முக்கால் தம்ளருக்குச் சற்றுக் குறைவு. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலின் சூடு போதும். விரல் விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது.

பத்து நிமிடம் பிசைந்தார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் கொண்டாட்டம். குத்தலாம், இழுக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். ஈரத்துணி போட்டு மூடியதும் ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்கானது. மழைக்காலத்தில் இன்னும் நேரம் ஆகும். பிறகு எட்டு உருண்டைகள் பிடித்து எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, அரை மணி நேரம் விட்டார்கள். தம்பி தன் உருண்டையைக் குருவி என்றான். பார்த்தால் உருளைக்கிழங்கு போலத்தான் இருந்தது.

வீட்டில் அவன் அடுப்பு இல்லை. பழைய கனத்த அலுமினியப் பாத்திரத்தில் ஓர் அங்குலம் காய்ந்த மணல் பரப்பினார் அம்மா. மேலே இரும்பு வளையம். மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கினார். அடுப்பைச் சுற்றித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே. மணல் சூடு நெடுநேரம் ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் கோடு அப்படியே இருந்தது.

தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவிட்டார். மேல்புறம் கடைப் பாவ் போலச் சிவக்கவில்லை. அடிப்புறம் சிவந்திருந்தது. தட்டினால் டொக் டொக் என்றது. வெந்துவிட்டது.

"ஆறட்டும்" என்றார் அம்மா. தம்பி கோட்டின் மேல் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, குருவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.