நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் சேருமுன் அங்குள்ளவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதுகலை முடித்துவிட்டு நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பும் பலர், ஆய்வகத்தைத் தலைப்பை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். காசநோய், டெங்கு, புற்றுநோய்த் தடுப்பூசி என்று காதில் விழுந்ததும் மனம் அங்கே தாவிவிடுகிறது. தலைப்பு முக்கியம்தான். ஆனால் இந்தத் துறையில் தனியாளாகச் செய்து முடிக்கக்கூடிய சோதனை மிகக் குறைவு. ரத்தம் எடுக்க ஒருவர், செல்களைப் பிரிக்க ஒருவர், கருவியை இயக்க ஒருவர், எலிகளைப் பராமரிக்க ஒருவர் என்று நாலு கை சேர்ந்தால்தான் ஒரு வரைபடம் கிடைக்கும். அவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்துவிட்டுச் சேர்ந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

இத்துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழிக்குஞ்சுகளின் வால்பகுதியில் இருக்கும் பர்சா என்ற சிறு உறுப்பை அகற்றி, அதன் வேலை என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சக மாணவர் டிமத்தி சாங்குக்கு, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் வாங்கிக்கொண்டார். சால்மோனெல்லா ஊசி போட்டும் சில கோழிகளில் எதிர்ப்பொருள் வரவில்லை. விசாரித்தால், அவை பர்சா அகற்றப்பட்டவை. 1956இல் 'பவுல்ட்ரி சயின்ஸ்' இதழில் அந்த முடிவு வெளிவந்தது. எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களைப் பற்றிய அறிவு அங்கிருந்துதான் கிளைத்தது. கேட்டால் கோழியைக் கொடுக்கும் நண்பரும், எதிர்பார்த்தபடி வராத முடிவை மறைக்காமல் பேசும் பழக்கமும் அந்த இடத்தில் இருந்தன. நீங்கள் தேடவேண்டியதும் அப்படிப்பட்ட இடத்தைத்தான்.

யார், என்ன வேலை?

கைடு: ஆராய்ச்சிக் கேள்வியை முடிவுசெய்வது, நிதிக்கு விண்ணப்பிப்பது, கணக்குக் காட்டுவது எல்லாம் இவர் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் பெரும்பாலும் உங்களோடு நின்று பிப்பெட் பிடித்துக் கற்றுக்கொடுப்பார். நிதியும் ஆளும் குறைவாக இருக்கும். மூத்த பேராசிரியரிடம் தொடர்புகள் அதிகம்; நேரம் கிடைப்பது கடினம். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்களே யோசித்து முடிவுசெய்யுங்கள்.

போஸ்ட்டாக்: பிஎச்.டி. முடித்து வந்தவர். அன்றாட ஆசிரியர் பெரும்பாலும் இவர்தான். உங்கள் சோதனைத் திட்டத்தை முதலில் இவரிடம் காட்டுங்கள். கைடிடம் போகுமுன்பே ஓட்டைகள் தெரிந்துவிடும்.

ஸ்காலர்: இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் போன்ற தேர்வுகளில் தேறி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்று வருவது வழக்கமான பாதை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000 ரூபாய். பணம் கைக்கு வரத் தாமதமாகும் மாதங்களும் உண்டு. கொஞ்சம் சேமிப்போடு சேருவது நல்லது.

ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்: நெட் இல்லாதவர்களுக்கும் ஆய்வகத்தில் நுழைய இது ஒரு வாசல். வேலை திட்டத்தோடு முடிந்துவிடும். ஓராண்டு இருந்து, இந்த வாழ்க்கை நமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

டெக்னீஷியன்: திரவ நைட்ரஜன் தொட்டியில் எந்தக் குப்பி எங்கே, எந்த ஆன்டிபாடி தீரப்போகிறது என்பதெல்லாம் இவருக்கு அத்துபடி. பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பணியிடமே இல்லாமல் மூத்த ஸ்காலர் இதையும் சுமக்கிறார். ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, வாரக்கணக்கில் ஆகும். தேவையை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள்.

கருவி அறையும் விலங்குக் கூடமும்

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் பல ஆய்வகங்கள் பகிர்ந்து பயன்படுத்தும். செல்களைத் தரம்பிரித்து எடுக்கும் இதன் முன்னோடிக் கருவியை 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் லியனார்டு ஹெர்சன்பெர்க் உருவாக்கியபோது பொறியாளர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இன்றும் அந்த அறையின் ஆபரேட்டர்தான் உங்கள் பொறியாளர். ஆன்டிபாடி வாங்குமுன் அவரிடம் போய், கருவியில் எந்தெந்த லேசர்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். இல்லாத லேசருக்கான சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை வாங்கினால் பணமும் போகும், மாதமும் போகும்.

விலங்குக் கூடத்தில் கால்நடை மருத்துவரும் பராமரிப்பாளர்களும் இருப்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடச் சோதனைக்கு எடுக்கமுடியாது. பயந்த எலியின் உடலில் கார்ட்டிகோஸ்டிரோன் கூடும். அந்த ஹார்மோன் நோயெதிர்ப்புச் செல்களையே அடக்கும். ஆகவே எலியை மெல்லக் கையாளத் தெரிந்த பராமரிப்பாளர் உங்கள் முடிவின் தரத்தையும் காப்பாற்றுகிறார். அவரிடம் கைப்பக்குவம் கற்றுக்கொள்ளுங்கள். அவரை மரியாதையாக அழையுங்கள்.

சேருமுன் கேட்கவேண்டியவை

கைடிடம்: திட்டத்துக்கு எத்தனை ஆண்டு நிதி மீதமிருக்கிறது? வாரத்துக்கு எத்தனை முறை சந்திப்பீர்கள்? நெறிமுறை ஒப்புதல்கள் வாங்கியாயிற்றா?

ஸ்காலர்களிடம், கைடு இல்லாத நேரத்தில்: கடைசியாகப் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று? சோதனை தோற்றால் இங்கே என்ன நடக்கும்? உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு கேட்கமுடிகிறதா? இடையில் விலகியவர்கள் ஏன் போனார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம்

பாதுகாப்பில் தொடங்குங்கள். மனித ரத்தத்தோடு வேலை செய்பவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். வழக்கமான மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் சேருமுன்பே தொடங்கிவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் யாரிடம் ஓடவேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அடுத்தது, பார்த்துக் கற்பது. ரத்தத்தை ஃபைக்கால் திரவத்தின்மேல் மெல்ல ஊற்றிச் சுழற்றி வெள்ளையணுக்களைப் பிரிப்பது அநேகமாக உங்கள் முதல் வேலையாக இருக்கும். மையவிலக்கி தானாக ஓய்ந்து நிற்கவேண்டும். பிரேக் போட்டால் அடுக்குகள் கலந்துவிடும். இதுபோன்ற நுணுக்கங்கள் செய்முறைக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கும், அல்லது இல்லாமலே போகும். மூத்தவர் ஒருவர் செய்வதை மூன்று முறை பக்கத்தில் நின்று பாருங்கள், மூன்று முறை அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள்.

குறிப்பேட்டை அன்றன்றே எழுதுங்கள்: ஆன்டிபாடியின் லாட் எண், செல்களின் எண்ணிக்கை, ரத்தம் எடுத்த நேரம். ஆறு மாதம் கழித்து முடிவு மாறும்போது காரணம் அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும்.

பெயர் வரிசை

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பது ஆய்வகங்களில் அதிகம் மனம் புண்படும் இடம். உயிரியலில் பெரும்பாலும் முதல் பெயர் சோதனையைத் தாங்கிச் செய்தவருடையது, கடைசிப் பெயர் கைடுடையது. வேலையைத் தொடங்கும்போதே இதைப் பேசுங்கள். பேசியதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். வேலையின் போக்கு மாறினால் மறுபடி பேசுங்கள். அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அதற்குப் பிறகு

பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் இங்கே கற்ற கைவேலைக்குப் புனே, ஹைதராபாத், பெங்களூருவின் தடுப்பூசி, உயிரிமருந்து நிறுவனங்களிலும், நோயறி ஆய்வகங்களிலும், கருவி நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவுகளிலும் தேவை இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்தே அங்குள்ளவர்களோடு பேசத் தொடங்குங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். உங்களுக்குப் பிடித்த ஆய்வகத்தின் கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்து, பெயர்ப் பட்டியலையும் நன்றியுரையையும் படியுங்கள். மாணவர்கள் முதல் பெயராக வருகிறார்களா? டெக்னீஷியன், விலங்குக் கூடப் பணியாளர், ரத்தம் கொடுத்தவர்கள் நினைவுகூரப்படுகிறார்களா? ஆம் என்றால் அந்தக் கைடுக்கு இன்றே எழுதுங்கள்.