மழையில்லா ஊரில் மாலை வெள்ளம்

இமாசலப் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில் ஸ்பிட்டி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மணாலிப் பக்கமிருந்து அங்கே செல்லும் கரடுமுரடான பாதை, சந்திரா ஆற்றங்கரையைப் பற்றிக்கொண்டு போகிறது. ஒரு ஜூலை மாதம் நானும் நண்பர் ஒருவரும் அவ்வழியே ஜீப்பில் சென்றோம். பிற்பகல் நான்கு மணி இருக்கும். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆயினும் பாதையின் குறுக்கே ஓர் ஓடை, கற்களை உருட்டிக்கொண்டு நுங்கும் நுரையுமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். "இனிக் காலையில்தான் போக முடியும், சார்" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால், அதே ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்!

மாணவர்களே, மழையே பெய்யாமல் மாலையில் வெள்ளம் வந்தது எப்படி?

முதலில், அங்கே ஏன் மழை இல்லை என்று பார்ப்போம். சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால், வெளிவரும் காற்று குளிர்ச்சியாய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விரிவடையும் காற்று குளிர்கிறது. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று பீர்பஞ்சால் மலைத்தொடரில் மோதி மேலேறும்போதும் இதுவே நிகழ்கிறது. உயரே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மழையாகிறது. அந்த மழையெல்லாம் குலு, மணாலிப் பக்கத்துக்கே போய்விடுகிறது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயைக் கடந்து பாருங்கள். இந்தப் பக்கம் தேவதாருக் காடு, அந்தப் பக்கம் மொட்டை மலை! அதற்கும் அப்பால் 4,500 மீட்டருக்கு மேல் நிற்கும் குன்சும் கணவாயைத் தாண்டினால்தான் ஸ்பிட்டி. அங்கே மலைகள் காவி, சாம்பல், ஊதா என்று வண்ணம் வண்ணமாய் நிற்பதற்குக் காரணம், பாறையை மறைக்க மரம் இல்லாததுதான்.

ஸ்பிட்டிக்கு நீர் வருவது குளிர்காலத்தில். மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகி மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் அங்கே வெண்பனியைக் கொட்டுகின்றன. (நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பஞ்சுபோல் விழுந்து வீட்டுக் கூரையில் குவியும் பனி.) வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் போகும். குன்சும் வழி பல மாதங்கள் மூடிக்கிடக்கும். 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதை ரோத்தாங்கைத்தான் தவிர்க்கிறது, குன்சுமை அல்ல.

இனி நம் ஓடைக்கு வருவோம். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காற்று மெல்லியது, உலர்ந்தது. ஆகவே பகலில் வெயில் சுள்ளென்று சுடும். இரவில் தரையின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குத் தப்பிவிடும். வெயிலில் உயரத்துப் பனி உருகி, சரிவுகளில் இறங்கி, பாதையை அடையும்போது மாலையாகிவிடுகிறது. இரவில் உருகுவது ஏறக்குறைய நின்றுவிடுவதால் காலையில் ஓடை மெலிந்துபோகிறது.

ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை மாறாமல் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் தேவை. அதே வெப்பத்தால் ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றலாம்! தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் இந்த உள்ளுறை வெப்பம்தான் ஸ்பிட்டி விவசாயியின் அணைக்கட்டு. அது சிறியதாய் இருந்திருந்தால், குளிர்காலப் பனி முழுவதும் சில நாள் வெயிலில் உருகி ஆற்றோடு போய்விடும். பெரியதாய் இருப்பதால் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாய்க்கால் வழியே ஊர்க் குளத்தை நிரப்பி, வயலுக்கு வருகிறது.

விவசாயியின் கவலையும் இங்கேதான் இருக்கிறது. பார்லியும் பட்டாணியும் விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில். உச்சியிலுள்ள பனியாறுகள் நன்றாக உருகத் தொடங்குவதோ அதற்கும் பிந்தி. இடைப்பட்ட வாரங்களில் இளம்பயிரைக் காப்பது, தாழ்ந்த சரிவுகளில் கிடக்கும் அவ்வாண்டின் வெண்பனி ஒன்றே. அது குறைந்தாலோ, முன்கூட்டியே உருகிவிட்டாலோ பயிர் வாடும். ஜூலையில் நாம் கண்டு வியக்கும் பச்சை வயல்கள், ஜனவரியில் விழுந்த பனியின் பசுமைதான். பனியாறுகளும் சுருங்கி வருகின்றன. இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் 2011 முதல் 2020 வரை, அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகப் பனியாறுகள் கரைந்தன என்று 2023-இல் வெளியான ஓர் அறிக்கை கூறுகிறது. ஸ்பிட்டியில் 4,000 மீட்டருக்கும் மேலே, 2016-இல் 'ஹிமான்ஷ்' என்ற ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது இவற்றை அளப்பதற்காகத்தான்.

சில சமயம் பனியை அவசரப்படுத்தவும் வேண்டியிருக்கிறது. வடமேற்கே, லடாக்கின் ஜன்ஸ்கார் பள்ளத்தாக்கில், வசந்தம் வந்ததும் வயலில் கிடக்கும் பனிமேல் மண்ணைத் தூவுவார்கள். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். கருத்த மண்ணோ ஒளியை உறிஞ்சிச் சூடாகிப் பனியை உருக்கும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள மூன்று ஐஸ் கட்டிகளை வெயிலில் வையுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதன்மேல் சாம்பலை மெல்லியதாகத் தூவுங்கள். மூன்றாவதை இரண்டு விரற்கடை கனத்துக்குச் சாம்பலால் மூடிவிடுங்கள். எது முதலில் உருகுகிறது, எது கடைசியில் உருகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் கடைக்காரர் கட்டிகளை ஏன் மரத்தூளில் புதைத்து வைக்கிறார் என்பதும், பாறைத்தூள் கனமாக மூடிய பனியாறுகள் ஏன் மெதுவாக உருகுகின்றன என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.