கும்பல் கூடும்வரை காத்திருக்க வேண்டாம்

2016 ஜனவரி 31 இரவு பெங்களூரு ஹெசரகட்டா பக்கம் ஒரு சூடான் மாணவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். சிறிது நேரம் கழித்து அவ்வழியே வந்த தான்சானிய மாணவிக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய தோல் நிறத்தைப் பார்த்துக் கும்பல் அவரை அடித்து ஆடையைக் கிழித்தது. தன் சட்டையைக் கொடுத்து உதவப் போனவருக்கும் அடி விழுந்ததாக அப்போது செய்தி வந்தது. கும்பல் கூடிய பிறகு தனி ஆளால் ஆவது மிகக் குறைவு. அந்த நேரத்தில் 112-ஐ அழையுங்கள், நாலு பேரைச் சேருங்கள், தனியாகப் பாயாதீர்கள். நம் கையில் இருப்பது அதற்கு முந்தைய கட்டம். நீலசந்திராவிலோ ஈஜிபுராவிலோ கம்மனஹள்ளியிலோ ஒரு தெருவில் மணிப்பூர்ப் பெண்ணை 'சிங்கி' என்றும் 'மோமோ' என்றும் கூப்பிட்டுச் சிரிக்கிறார்களே, துணை நிற்கும் வேலை அங்கேயே தொடங்க வேண்டும்.

அப்போது முதலில் போக வேண்டியது வசவு கேட்டவரிடம்; வைதவரிடம் அல்ல. பக்கத்தில் போய் நின்று, தெரிந்தவரிடம் பேசுவதுபோல் ஏதாவது பேசுங்கள், அங்கிருந்து சேர்ந்து நடந்து போங்கள். குரலை உயர்த்தினால் சண்டை உங்களுடையதாகிவிடும், அவர் மறக்கப்பட்டுவிடுவார். பிறகு, என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வைதவர் வீட்டு ஓனரின் தம்பியாக இருக்கலாம். புகார் கொடுத்தால் அறையும் அட்வான்ஸும் போகலாம். அந்த இழப்பைச் சுமக்கப்போகிறவர் அவர்தான், ஆகவே முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும்.

வைதவரிடம் யார் பேசுவது என்பதில்தான் சிறிய இடத்தின் பலம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. மாணவர் சிலரைத் தேர்ந்து, சக மாணவர்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக வெளிப்படையாக நிற்கச் சொன்ன பள்ளிகளில், மோதல் குறித்த ஒழுங்கு நடவடிக்கைகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. நட்பு வட்டம் பெரிதாக இருந்த மாணவர்களின் சொல்லுக்கே அதிகப் பலன் இருந்தது. தெருவிலும் அப்படித்தான். மளிகைக் கடைக்காரர், அசோசியேஷன் செயலாளர், எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடும் மேல்வீட்டு அம்மா, இவர்களில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அவரன்ன ஹாகெ கரீபேடி" (அண்ணா, அவரை அப்படிக் கூப்பிடாதீர்கள்) என்று சொன்னால் போதும். வாட்ஸாப் குழுவில் கண்டிக்க வேண்டாம், அவமானப்பட்டால் வைதவர் வீம்பு பிடிப்பார். ஆனால் குழுவில் வதந்தி வந்தால் உடனே மறுக்க வேண்டும். 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வெறும் குறுஞ்செய்திகளை நம்பி ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் இந்த ஊரிலிருந்து குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள். அப்படியொரு நாளில் அவர்கள் கதவைத் தட்டி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"நாமே வெளியூர், நமக்கேன் வம்பு?" என்று தமிழர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 1991-இலும் 2016-இலும் காவிரியின் பேரால் இந்த ஊரில் அடிபட்டவர்கள் நாம். ஆனால் அந்த நாட்களில் கன்னடம் பேசும் அண்டை வீட்டார் துணை நிற்க வேண்டும் என்றுதானே எதிர்பார்த்தோம்? பயம் இருந்தால் கன்னட நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். "யாரும் வரமாட்டார்கள்" என்பது இன்னொரு சமாதானம். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டதைக் கண்டார்கள். ஒருவர் முன்வந்தால் மற்றவர் சேர்வது நாம் அஞ்சுவதைவிட எளிது.

அடிதடி வரை போனால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால், ஸ்டேஷனுக்குக் கூடவே போங்கள். எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் பதியலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் புகாரை டிசிபிக்குத் தபாலில் அனுப்பலாம். வைத சொற்களை ஒன்று விடாமல் புகாரில் எழுதச் செய்யுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், பிறந்த இடம், மொழி காரணமாகக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 117(4) ஏழாண்டு வரை சிறை சொல்கிறது. காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் அது சாதாரணக் கைகலப்பாகச் சுருங்கிவிடும். வீடியோ எடுத்திருந்தால் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள், நீங்களாக எங்கும் போடாதீர்கள். சாட்சியாக உங்கள் பெயரைத் தருவீர்களா என்பதை ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே முடிவு செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்துத்தான் அவர் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்.